மங்கையர்க்கரசி கட்டிய ஐந்து மாடி

புனேயை ஒட்டிய சாங்வியில் மங்கையர்க்கரசியின் பெயர் தெரியாத வீடு இருக்கலாம். அவர் தைத்த காலர் கழுத்தில் படாமல் பள்ளிக்கூடம் போன பிள்ளை அந்த வட்டாரத்தில் கிடையாது. இதை அவரே சொல்வார். காய்கறிக்காரன் தராசை எடுத்துக் கீழே வைப்பதற்குள் இரண்டு முறை சொல்வார்.

சொல்லிக்கொள்ளத் தகுதி உள்ளவர்தான். போளூர்ப் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் படிப்போடு கல்யாணமாகி பிம்ப்ரிக்கு வந்தார். ஒற்றை அறை, பொதுக் குழாய், மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து அறைக்காரியின் ரவிக்கைக் கை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து, சைகையிலேயே கழற்றச் சொல்லி, பிரித்துத் தைத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் வாசலில் நாலைந்து பெண்கள் ஆளுக்கொரு ரவிக்கையோடு நின்றார்கள். அன்றைக்கு மிதிக்கத் தொடங்கிய ஒரு மிஷின் இன்றைக்கு எட்டாகப் பெருகி, பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் பட்டறையாக ஓடுகிறது. சாங்வியில் சொந்த ஃபிளாட். மகள் ரோஹிணிக்கு ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்காரர் பக்தவத்சலம் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு, மனைவி சொல்வதற்கெல்லாம் "ஆமா" சொல்லும் உத்தியோகத்தில் இருக்கிறார்.

அறுபதைத் தாண்டிய பிறகு மங்கையர்க்கரசிக்கு நடைப் பித்துப் பிடித்தது. அந்தப் பக்கத்துத் தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை நடைக்குப் போவார்கள். தலைவன் முகுந்த், கோயம்புத்தூர்ப் பையன், ஐ.டி.க்காரன். கடக்வாஸ்லா அணையைத் தாண்டித் தொடங்கி, மலை முகட்டோடு, காடும் ஊருமாக, கோட்டைக்குக் கோட்டை போகிற நீண்ட பாதை ஒன்று இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக, ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று நடந்துகொண்டிருந்தார்கள். கடைசித் துண்டு மட்டும் மூன்று நாள் நடை. டிசம்பரில்.

அந்த டிசம்பர் நடைக்குத் தான் போகப்போவதாக மங்கையர்க்கரசி எட்டு மிஷின்காரிகளிடமும் சொல்லியாகிவிட்டது. பிள்ளையார் கோயில் குருக்களிடமும் சொல்லியாகிவிட்டது. சொல்லாத ஒரே ஆள் முகுந்த். அக்டோபர் ஞாயிறு காலையில் ஜீப்பில் போகும்போது அவனிடமும் சொன்னார்.

முகுந்த் தலையைச் சொறிந்தான். "அது லேசு இல்லைங்க ஆன்ட்டி. மூணு நாளு ஏத்தம் எறக்கம்தான். நடுவுல முடியலைன்னா திரும்பறதுக்கு வண்டி கெடைக்காதுங்க. இன்னிக்கு நீங்க எப்படி வர்றீங்கன்னு பாத்துட்டு சாயங்காலம் சொல்லட்டுங்களா?"

"பாருப்பா. நல்லா கண்ணாடி தொடச்சிக்கினு பாரு."

"அக்கா, அவன் ஒங்கள வேணாம்னு சொல்லல," என்றாள் பின்சீட்டிலிருந்து ஆரோக்கியமேரி. பிம்ப்ரியில் நர்ஸ். நடையில் எப்போதும் கடைசி ஆள், யாரையும் விட்டுவிடாமல் கூட்டி வருகிற ஆள்.

"வேணாம்னு சொல்லிடுவானா? நான் பர்வதமலைய வெறுங்காலோட ஏறி எறங்கி, அன்னிக்கே வயல்ல நாத்து நட்டவ."

அந்தக் கதையை ஜீப்பில் எல்லோரும் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். ஓட்டுநருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு மட்டும் இந்தியில் மறுபடி சொல்லப்பட்டது.

அடிவார ஊரில் டீக்கடை. அங்கே நின்றுதான் முகுந்த் அன்றைய நடையை விளக்கினான். முந்தைய நடைகள் கோடையில் நடந்தவை. பாறைகளில் பெயின்ட் அம்பு பார்த்துப் போனார்கள். இப்போது மழை முடிந்து அம்பெல்லாம் கழுவிப் போயிருக்கும், புல் வேறு ஆளுயரம் நிற்கும். அதனால் வழி பிரிகிற இடங்களில் தன்னார்வலர்கள் கல்லின் மேல் கல்லாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பாதை. இதை அவன் இரண்டு முறை சொன்னான்.

இரண்டு முறையும் மங்கையர்க்கரசி கடைக்குள் இருந்தார். இஞ்சியைத் தட்டிப் போடாமல் துருவிப் போட்ட டீக்கடைக்காரருக்கு, அது ஏன் தப்பு என்று மராத்தியில் விளங்க வைத்துக்கொண்டிருந்தார். அவர் விளங்கிக்கொண்டு இன்னொரு டீ கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதுங்களா?" என்றான் முகுந்த்.

"எல்லாம் புரிஞ்சிது, நட," என்றார் மங்கையர்க்கரசி.

சும்மா சொல்லக் கூடாது, நடை என்றால் அது நடை. கடைச் சரக்கு காலிடுக்கில் கிழியும் என்று தானே தைத்துக்கொண்ட கால்சட்டை. அதில் ஆறு பை, ஒவ்வொன்றுக்கும் பொத்தான். மேலே முழுக்கைச் சட்டை, தலைக்கு அதே துணியில் தொப்பி. செம்மண் ஏற்றத்தில் மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது அவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பார், சிக்னலில் நிற்கும் ஸ்கூட்டர் மாதிரி. மழை போன மலைச்சரிவில் மஞ்சள் பூ கரை கட்டி நின்றது. பச்சைப் புடவைக்கு இதைவிட எடுப்பான ஜரிகை யாராலும் போட முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொள்வது அபூர்வம்.

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் தேஜஸ்வினியின் ஷூ வாயைத் திறந்தது. அடிப்பாகம் முன்னாலிருந்து பிரிந்து, காலைத் தூக்கும்போதெல்லாம் டப் டப் என்று அடித்தது. தேஜஸ்வினி அன்றைக்கு வந்த நாலு பேரில் நாலாவது, புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழ் கொஞ்சம் நடக்கும், கொஞ்சம் நொண்டும்.

"ஆன்ட்டி, என் ஷூ செத்துப்போச்சு," என்று உட்கார்ந்துவிட்டாள்.

முகுந்த் பையைக் கொட்டிக் கயிறு தேடினான். ஆரோக்கியமேரி கட்டுப்போடும் துணியை எடுத்தாள். அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து காலிப் பால் கேனோடு ஒரு அம்மாள் ஏறி வந்தார். கச்சம் வைத்துக் கட்டிய ஒன்பது கெஜம் புடவை, ரப்பர் செருப்பு, முகத்தில் சொட்டு வேர்வை இல்லை. அன்றைக்கு அவர்கள் போய்ச் சேர வேண்டிய உம்பர்வாடிக்காரர், பெயர் கமல்; மராத்தியில் அக்காவுக்கு உரிய 'தாயி' சேர்த்துக் கமல்தாயி. முகுந்த் போன வாரம் போன் செய்து மதியச் சாப்பாடு சொல்லி வைத்திருந்தது இவர் வீட்டில்தான்.

"அரே, சமைக்க வேண்டிய ஆளே இங்க நிக்குது!" என்றார் மங்கையர்க்கரசி. "சோறு எப்ப வேவும்? நான் கூடப் போயி கை குடுக்கறேன்."

முகுந்த் யோசித்தான். வழி தெரிந்த ஆள், ஊர்க்காரி. "சரிங்க ஆன்ட்டி, நீங்க கமல்தாயி கூடவே போயிடுங்க. தனியா மட்டும் எங்கயும் திரும்பக் கூடாது. நாங்க இதைக் கட்டிட்டு வந்துடறோம்."

இரண்டு பெண்களும் புறப்பட்டார்கள். ஒரே வயது, ஒரே நடை, ஒரே மாதிரி வாய். ஒருவர் தன் எருமையின் பாலைப் பற்றிச் சொன்னால் இன்னொருவர் தன் மிஷினின் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார். காடு முழுக்க மராத்தி மணத்தது. அதில் பாதி போளூர் மராத்தி.

மேடு முடிந்த இடத்தில் ஒரு கணவாய். அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் புல்லுக்குள் நுழைந்து போவது உம்பர்வாடிக்கு. வலது பக்கம் அகலமாக, மாடு மிதித்து மிதித்துச் சுத்தமாக இருந்தது. அது கீழே ஓடைக்கு இறங்கும் மாட்டு வழி. வலது பக்கம் ஒரு தட்டைப் பாறை. அதில் நின்றால் தூரத்தில் அணைத் தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. காற்று தொப்பியைத் தூக்கியது.

இடது பக்கப் புல்லுக்குள் கல்மேல் கல்லாக ஒரு சின்ன அடுக்கு இருந்தது. மங்கையர்க்கரசி அதைப் பார்த்ததும் சிலிர்த்துப்போனார்.

"இங்கயும் உண்டா இந்த வழக்கம்!"

போளூர்ப் பக்கத்தில் மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் கல் அடுக்குவார்கள். சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அடுக்குவது. எத்தனை கல்லோ அத்தனை மாடி. மங்கையர்க்கரசி பிம்ப்ரி ஒற்றை அறையில் இருந்த காலத்தில் ஊருக்குப் போய் பர்வதமலையில் அடுக்கினார். சாங்வி ஃபிளாட் வந்தது. இராப்பகலாக மிஷின் மிதித்தது அவர் கால்தான். ஆனாலும் கல்லுக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவர் கட்சி.

இப்போது ரோஹிணி வாடகை வீட்டில் இருக்கிறாள். பிறகென்ன? மலை கிடைத்தது, கல் கிடைத்தது, காற்றும் நல்ல காற்று. புல்லுக்குள் ஒளித்துக் கட்டுவானேன் என்று வலது பக்கம், நாலு பேர் கண்ணில் படுகிற தட்டைப் பாறையைத் தேர்ந்தெடுத்தார். அடியில் பலகை மாதிரி அகலக் கல், மேலே ஒன்றுக்கு ஒன்று அளவெடுத்துக் குறைத்து, மொத்தம் ஐந்து. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நின்றது.

கமல் கேனை இறக்கி வைத்து வேடிக்கை பார்த்தார். "என்ன தாயி இது?"

"வீடு கட்டறேன். என் பொண்ணுக்கு."

"நகரத்துப் பிள்ளைங்க வரும்போதும் இப்படித்தான் கல்லை அடுக்குது."

"பின்ன? அதுங்களுக்கும் வீடு வேணும் இல்ல? இன்னிக்கு ஃபிளாட் விக்கிற விலைக்கு மலைய நிரப்பி அடுக்கணும்."

கமலுக்கு இது நியாயமாகப் பட்டது. அவர் வீட்டுத் தகரக்கூரை இந்த மழையில் மூன்று இடத்தில் ஒழுகியது. "அப்படின்னா எனக்கும் ஒன்று கட்டு," என்றார்.

மாட்டு வழியில் இன்னும் கொஞ்சம் தள்ளி கமலுக்கும் ஒரு வீடு எழும்பியது. மாடி வேண்டாம், கூரை ஒழுகாமல் இருந்தால் போதும் என்று அவர் சொன்னதால் மூன்று கல்லோடு நிறுத்தி, மேலே பெரிய மூடி வைத்தார் மங்கையர்க்கரசி. பிறகு இருவரும் கையைத் தட்டிக்கொண்டு, இடது பக்கம் புல்லுக்குள் இறங்கி, எருமைப் பேச்சைத் தொடர்ந்தபடி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

உம்பர்வாடி என்றால் பத்துப் பதினைந்து வீடு, ஒரு மாருதி கோயில், மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கமல் வீட்டு அடுப்பில் கடலைமாவுப் பிட்லா கொதித்தது. பாக்ரி ரொட்டி தட்டுவதற்கு மங்கையர்க்கரசி கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பாக்ரி மூன்று மூலையோடு வந்தது.

"இது என்ன தாயி, சமோசாவா?" என்றார் கமல்.

"ஒங்க மாவு சரியில்ல," என்றார் மங்கையர்க்கரசி. இரண்டாவதும் அப்படியே வந்ததும் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

பாக்ரி அடுக்கு ஏறியது, ஆட்கள் வரவில்லை. பிட்லாவை இறக்கி வைத்தார்கள், ஆட்கள் வரவில்லை. "சின்னப் பசங்க, மெல்லத்தான் வரும். என்னாட்டம் ஒடம்பா அதுங்களுக்கு?" என்று முதலில் சிரித்தார். பிட்லா ஆறி ஆடை கட்டியது. பிறகு சிரிக்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் என்றார் கமல். ஏறினார். ஏறி நின்றதும் போன் அடித்தது.

"ஆன்ட்டி! ஊருக்குப் போயிட்டீங்களா?" முகுந்துக்கு மூச்சு வாங்கியது.

"நான் வந்து ஒரு யுகம் ஆச்சு. நீங்க எங்கப்பா?"

"வழி தப்பிட்டோம்ங்க. கணவாயில கல் அடுக்கு பாத்துத்தான் திரும்பினோம். பெருசா, அஞ்சு கல்லு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. சரியான வழிதான்னு இறங்கிட்டே போனா, கீழ ஓடை. அதுக்கப்புறம் முள்ளுக்காடு, வழியே இல்லைங்க. தேஜஸ்வினி விழுந்து முட்டி சிராய்ச்சிடுச்சு. இப்ப திரும்ப மேல ஏறிட்டு இருக்கோம்."

மங்கையர்க்கரசி குரலைத் தாழ்த்தினார். அவர் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

"கல்லைப் பாத்தா... திரும்புவாங்க?"

"காலைல சொன்னேனேங்க. அதுதானுங்க வழி அடையாளமே. எவனோ வெளையாட்டுக்கு அடுக்கி வெச்சிருக்கான், முட்டாப் பய. நீங்கதான் ஆன்ட்டி கரெக்டா போயிருக்கீங்க. நான் வேற காலைல ஒங்களைப் போயி... விடுங்க, டிசம்பருக்கு நீங்க வர்றீங்க. கன்ஃபர்ம்."

போன் கட்டாகிவிட்டது.

கேட்டது கையில் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வாயை மூடுவது மற்றவர்களுக்குச் சுலபமான வேலை. தொட்டி மேட்டிலிருந்து மலையைப் பார்த்தார். கல்லில் யார் பெயரும் எழுதவில்லை. எவனோ முட்டாப் பய என்று அவனே முடித்துவிட்டான். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த இரண்டு அடுக்கும் அங்கே நிற்கிறதே, இனி வருகிறவர்களும் ஓடைக்கல்லவா இறங்குவார்கள்? சத்தமில்லாமல் போய்க் கலைத்துவிட்டு, எதிர்கொண்டு கூட்டி வர வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அதில் பொய்யும் பாதிதான்.

"கமல்தாயி, சலோ. கணவாய்க்கு."

"எதுக்கு?"

வழியில் சொன்னார். கமல் சிரித்த சிரிப்பில் புதரிலிருந்து காடை பறந்தது. "அட, அந்தப் பிள்ளைங்க இத்தனை வருஷமா வீட்டுக்காக அடுக்கலையா? நானும் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

வெயிலில் மறுபடி ஏற்றம். கணவாயை எட்டும்போது மாட்டு வழியில் கீழேயிருந்து பேச்சுக் குரல் வந்துவிட்டது. மங்கையர்க்கரசி பாறைக்கு ஓடி மேல் கல்லில் கை வைத்தார். கை வைத்தாரே தவிர, தள்ள வரவில்லை. கலைத்தால் கட்டிய வீட்டை இடித்ததாகாதா? ரோஹிணியின் முகம் வந்து போனது.

"எவன் கை வச்சானோ," என்று ஆரோக்கியமேரியின் குரல் கேட்டது. "என் கையில கெடைச்சா அவனுக்கு ஊசி மழுங்கினதா பாத்துப் போடுவேன்."

"எனக்கு அப்பவே டவுட் வந்துச்சு," இது முகுந்த். "அடுக்கத் தெரிஞ்சவன் வெச்ச மாதிரியே இல்லைங்க அது. ஏனோதானோன்னு கோணலா நின்னுச்சு."

மங்கையர்க்கரசி நிமிர்ந்தார். முட்டாள் என்றார்கள், பொறுத்துக்கொண்டார். மழுங்கின ஊசி என்றார்கள், அதையும் பொறுத்துக்கொண்டார். கோணல் என்று நாற்பது வருஷத்தில் அவர் வேலையை ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

"யார்ரா கோணல்னு சொன்னது?"

மூன்று பேரும் வளைவில் அப்படியே நின்றார்கள்.

"வந்து பாரு! கண்ண மூடிக்கினு பேசாத, ஒத்தக் கண்ண மூடிக்கினு பாரு! எங்க இருக்குது கோணல்? இவ்ளோ காத்துல ஒரு கல்லு அசைஞ்சிதா? நான் கட்டினா கோணலா இருக்குமா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

தேஜஸ்வினி மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி... நீங்களா கட்டிச்சு?"

"நான்தான். ரோஹிணிக்கு வீடு வேணும்னு வேண்டிக்கினு அடுக்கினேன். அது கமலுக்கு. எங்க ஊர்ல கல்லு அடுக்கினா வீடு. இங்க வழின்னு எனக்குத் தெரியல. நீ சொல்லும்போது நான் இஞ்சி டீ குடிச்சிக்கினு இருந்தேன்."

முகுந்த் கோபமாகத்தான் இருந்தான். நல்ல கோபம். "பாதி நாள் போச்சுங்க ஆன்ட்டி. இந்தப் புள்ள முட்டியப் பாருங்க. கீழ ஒரு பள்ளம், கொஞ்சம் தவறியிருந்தா என்னாயிருக்கும்?"

மங்கையர்க்கரசி குனிந்தார். தேஜஸ்வினியின் முட்டியைப் பார்த்தார். கால்சட்டை கிழிந்து, ஆரோக்கியமேரி போட்ட கட்டு தெரிந்தது. "வலிக்குதாம்மா?" என்றார். அந்தக் குரல் சாங்வியில் யாரும் கேட்டிராத குரல்.

"டிசம்பர பத்தி நீ இன்னா சொல்றியோ, சொல்லு," என்றார் முகுந்திடம். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவன் தண்ணீர் குடித்தான். பிறகு அடுக்கைக் கலைக்கக் காலைத் தூக்கினான். கமல் பாய்ந்து குறுக்கே நின்றார். "என் வீட்டை இடிக்காதே!" என்று மராத்தியில் ஒரு அதட்டல். "மழைக்காலம் முழுக்கப் பாத்திரம் வைத்து ஏந்தினேன். இடிப்பானாம்!"

முகுந்த் காலை இறக்கினான். ஆரோக்கியமேரிதான் முதலில் சிரித்தது. சிரிப்பு பிடித்துக்கொண்டால் அவளால் நிற்க முடியாது, பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, வீட்டை இடிக்க வேணாம், காலி பண்ணிக்கிட்டு வேற எடத்துக்குப் போவோம். வாடகைக்கு இருக்கறவ நான், எனக்கு அது பழக்கந்தான்."

அப்படியே நடந்தது. மேல் மாடியிலிருந்து ஒவ்வொரு கல்லாக மங்கையர்க்கரசி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இடது பக்கத்துக்குச் சுமந்தார்கள். புல்லை மிதித்து ஒதுக்கி, ஊருக்குப் போகிற வழியின் ஓரத்தில் ஐந்து மாடி மறுபடி எழும்பியது. பக்கத்திலேயே கமலின் ஒழுகாத வீடு. மாட்டு வழியின் வாயை முள்கிளை இழுத்துப் போட்டு அடைத்தான் முகுந்த். எல்லாம் முடிந்ததும், யாரும் பார்க்காதபோது, ஒற்றைக் கண்ணை மூடி ஐந்து மாடியைப் பார்த்தான். மங்கையர்க்கரசி அதைப் பார்த்துவிட்டார்.

"சரி, கோணல் இல்லைங்க," என்றான்.

"தெரியும்."

"டிசம்பருக்கு வாங்க. நடையில ஒங்களைக் கொறை சொல்ல முடியாது. இந்தக் கணவாய்க்கு இன்னிக்கு ரெண்டு தடவை ஏறியிருக்கீங்க. ஆனா ஒண்ணுங்க ஆன்ட்டி. இனிமே ஆரோக்கியமேரி அக்கா எடம் ஒங்களுக்கு. கடைசி ஆளு. ஒங்களுக்குப் பின்னாடி ஒரு ஈ காக்கா வரக் கூடாது. அப்புறம் நீங்க மாடி என்ன, மதிலே கட்டுங்க."

"கடைசியா? நானா?" தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "என் நடைக்கு?"

"அக்கா, கடைசி ஆளுன்னா சும்மா இல்ல," என்றாள் ஆரோக்கியமேரி. "யாரும் தொலையாம பாத்துக்கற பொறுப்பு. எல்லாராலயும் முடியாது."

"பொறுப்பா?" மங்கையர்க்கரசி கொஞ்சம் யோசித்தார். "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பொறுப்புன்னா சரி."

ஊருக்கு இறங்கினார்கள். முன்னால் கமல், பிறகு முகுந்த், ஆரோக்கியமேரி, கயிறு கட்டிய ஷூவோடு தேஜஸ்வினி, எல்லோருக்கும் பின்னால் மங்கையர்க்கரசி. "நடங்க, நடங்க, பிட்லா ஆறிப் போச்சு," என்று முதுகுகளை விரட்டிக்கொண்டே வந்தார். சரிவில் தேஜஸ்வினி முட்டியைப் பிடித்துக்கொண்டு தயங்க, பாதையோரம் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி கிடைத்தது. முந்திப் போக மங்கையர்க்கரசியின் வலது கால் அதில் இறங்கிவிட்டது.

"ஆன்ட்டி," என்றான் முகுந்த், திரும்பாமலே.

"இன்னாப்பா? நான் பின்னாடிதான் கீறேன்," என்று சொல்லிக்கொண்டே காலை இழுத்துக்கொண்டார்.